தேயிலைக் காட்டில் ஒரு டப்பா சோறு

சீனாவில், ஃபூஜியன் மலையிலிருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் வாசலில் மலாயாவிலிருந்து வந்த எங்கள் தொழிற்சங்கக் குழுவின் பஸ் நிற்கிறது. இறங்கியதும் பையைத் திறந்துவைத்து, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். வழிகாட்டிப் பெண் விழிக்கிறாள். ஊரில் எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆறுமுகண்ணன் சிரிக்கிறார்.

“கையை இறக்குப்பா. இது நம்ம எஸ்டேட் இல்லலா. இங்க யாரும் அரிசி தேட மாட்டாங்க.”

பழக்கம் விடவில்லை. எங்கள் மலாக்காவில் இது வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போடுவதற்காக, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவப் போகும் எங்களை ஒரு பிடி சோறு கொண்டுபோக விடுவதில்லை. தினமும் கேட்டில் போலீஸ் தடவிப் பார்க்கும். என் மனைவி மத்தியானம்வரை வெறும் வயிற்றோடு மரம் சீவுகிறாள்.

வழிகாட்டி மலையுச்சிக் கோயிலைக் காட்டுகிறாள். எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான், செடிகளுக்கு நடுவே தகர டப்பாவைத் திறந்து சாப்பிடும் ஒருத்தியைப் பார்க்கிறேன். ஆறிப்போன சோறு, கொஞ்சம் உப்புக் கீரை. அவளருகே போகிறேன்.

“தினமும் இங்கேயா சாப்பிடுறீங்க?” என்று ஊர்ப் பசாரில் சீனக் கடைக்காரர்களிடம் பழகிய ஹொக்கியன் மொழியில் கேட்கிறேன்.

“வேற எங்க சாப்பிடுவாங்க?” என்கிறாள், நான் ஏதோ பைத்தியம்போல. அப்புறம் பாவம் பார்த்து ஒரு பிடி சோற்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறாள்.

பஸ்ஸுக்குத் திரும்பும்போது, வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே அதை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறேன்.

வாசலில் யாருமே இல்லை.