சேசு பாலனுக்கு வைத்த பொட்டு

குன்றாண்டார்கோவில் பக்கத்தில் எங்கள் ஊர். சமஸ்தானம் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார்கள். அதில் ஆடுகளும் இடையர்களும் நார்த்தாமலைக் குயவர் செய்தவை. இடையர்கள் எங்களைப் போலவே கறுப்பாக, தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றார்கள். மாதாவும் சூசையப்பரும் சேசு பாலனும் மட்டும் கப்பலில் வந்தவர்கள். பாலனுக்குப் பொன்னிற முடி, நீலக் கண், ரோஜா நிறக் கன்னம். அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட ஏன் நம் சாயலில் இல்லை என்று யாரும் கேட்டதில்லை. சாமி என்றால் சிவப்பாகத்தானே இருக்கும்!

அந்த வருஷம் பண்டிகைக்கு மறுநாள் காலையில் பாலனின் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு இருந்தது. மாதா கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை துடைத்தார். அடுத்த நாளும் இருந்தது. மூன்றாம் நாள் பூசை முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொன்னார். என் விரலில் அழுக்கைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் விஷயம் எனக்குத் தெரியும். தெரிந்ததை மனசுக்குள் வைத்துக்கொள்ள எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

"எங்க சித்திதான் வச்சாங்க" என்றேன், பெருமையாக.

சித்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னே வந்தாள்.

"ஏம்மா, சாமிக்குக் கண்ணு படுமா? என்ன கூத்து இது?" என்றார் கோயில்பிள்ளை.

"ஊரே வந்து பாக்குதுங்க. செவத்த புள்ளைக்கு வெரசாக் கண்ணு பட்டுரும். பக்கத்துலயே இருந்தும் அந்த வெள்ளக்கார ஆத்தாவுக்குப் பொட்டு வைக்கத் தெரியலையே."

கோயிலே சிரித்தது. கோயில்பிள்ளையும் சிரித்தபடி பொட்டைத் துடைத்தார். ஆனால் இனிமேல் சித்தி குடில் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பாலனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். சித்தி எட்ட நின்று, துடைத்த கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது சித்தி என்னைத் திட்டவில்லை. அது எனக்குத் தைரியம் கொடுத்தது. நான் பிறப்பதற்கு முன்னால் சித்திக்கு ஒரு மகன் இருந்தான், தவழுமுன்பே போய்விட்டான் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"சித்தி, அண்ணனுக்குப் பொட்டு வச்சீங்களா?"

"இல்ல ஆத்தா. அவன் ஒன்னையாட்டம் கறுப்பு. கறுத்த புள்ளைக்கு எங்கிட்டுக் கண்ணு படப்போவுதுன்னு சும்மா இருந்துட்டேன்."

அப்படியானால் எனக்கும் கண் படாது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் சித்தியின் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினேன்.