பதினேழாம் சுவரின் தேதி

கட்டுமான இடத்தில் தர ஆய்வாளருக்கு 'தட்டுவார்' என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாகக் கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவர். வீட்டிலும் அடுப்பு அணைந்ததா என்று இரண்டு தடவை பார்ப்பார். "என்னையும் தட்டிப் பார்த்துட்டுத்தான் கட்டினீங்களா?" என்று மனைவி கேட்பதுண்டு.

இப்போது எழும்புவது ஒயின் ஆலை. சுவர்களை யார்டில் படுக்கவைத்து வார்த்து, இறுகியபின் கிரேனால் தூக்கி நிறுத்துகிறார்கள். பத்து நாளில் திராட்சை அறுப்பு. அதற்குள் கூரை ஏறியாக வேண்டும் என்று முதலாளி தினமும் கத்துகிறார். யார்டு மேஸ்திரி இவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததும் இவர்தான்.

அன்று காலை பதினேழாம் சுவரில் பதித்திருந்த இரும்பு வளையத்தில் கிரேன் கொக்கியை மாட்டிவிட்டார்கள். விளிம்பில் பெயின்ட்டால் எழுதிய தேதிப்படி வார்த்து ஒன்பது நாள். அவருக்கு நிறம் பிடிக்கவில்லை. பக்கத்துச் சுவர் வெளுத்திருக்க, இது கறுத்துக் கிடந்தது. ஆணியால் கீறினார், மாவாக உதிர்ந்தது.

"மாப்ளே, இது என்னிக்கு ஊத்தினது?"

"எழுதியிருக்கே மாமா."

"எழுதினதைக் கேக்கல."

"நிழல்ல கிடந்துச்சு, அதான் கறுப்பு. கையெழுத்தைப் போடுங்க. வேணும்னா நானே கீழ நின்னு கயிறு பிடிக்கிறேன்."

அதுதான் உறுத்தியது. கேட்காமலேயே இவன் ஏன் தலையைக் கொடுக்கிறான்? இறுகாத கான்கிரீட்டிலிருந்து வளையம் பிடுங்கிக்கொண்டு வந்தால், ஆறு டன் சுவருக்குக் கீழே இவனோடு இன்னும் மூன்று பேர்.

தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தார். ஒவ்வொரு சுவரோடும் அதே கலவையில் மூன்று சோதனைக் கட்டிகள் வார்த்து அங்கே ஊறப்போடுவார்கள். கலவை ஈரமாக இருக்கும்போதே எண்ணும் தேதியும் கீறிவிடுவது வழக்கம். பெயின்ட்டை அழித்து எழுதலாம், இதை முடியாது. சட்டைக் கையை மடித்துத் துழாவி, பதினேழாம் எண் கட்டியைத் தூக்கினார். தேதி முந்தாநாள். கையெழுத்து மைத்துனனுடையது.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா."

"அக்கா இருக்கட்டும். முதல்ல கொக்கியைக் கழட்டச் சொல்லு. அப்புறம் முதலாளிக்கு நீயே போன் போடு."

"மதியம் போடறேனே…"

"இப்போ. ஸ்பீக்கர்ல."

கொக்கி கழன்றது. மூன்றாவது மணியில் முதலாளி எடுத்தார்.

"என்ன, சுவரைத் தூக்கி நிறுத்தியாச்சா?"

"இல்ல சார். இன்னும் ஏழு நாள் ஆகும்."

தட்டுவார் நகரவில்லை. "ஏன்னு சொல்லு" என்றார்.