சாணார்பட்டியிலிருந்து திண்டுக்கல்: குழந்தைப்பேறு சிகிச்சைக்கு முதல் நாள் போய் வந்த விவரம்

கொச்சி, கோட்டயம், கொல்லம் என்று இந்த வலைப்பூவில் எம்புட்டோ தூரம் எழுதியாச்சு. எட்டாம் வகுப்பு படித்தவன் எழுத்தா இது என்று வாத்தியார்மாரே அசந்து போகிறார்கள். இந்தத் தடவை வெறும் பதினேழு கிலோமீட்டர்தான். ஆனால் காஷ்மீர் போய்த் திரும்பினால்கூட (போனதில்லை, போனால்) இம்புட்டு அலுப்பு வராது. எங்களைப் போல இன்னும் நாலு ஜோடி கிளம்பத் தயங்கிக்கொண்டு இருப்பீர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருசம். எனக்கு நாற்பத்து மூணு, முத்துலட்சுமிக்கு முப்பத்தாறு. அவள் அத்தை மகள்தான், மாமா என்றே கூப்பிடுவாள். போகாத கோயில் இல்லை, குடிக்காத கசாயம் இல்லை. கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அவளே போன் போட்டாள். மாதவிலக்கான ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ அவள் வரவேண்டும், அன்றைக்குத்தான் ஸ்கேனும் ரத்தமும் பார்ப்பார்கள். நான் அதற்கு முன்னால் மூணு நாளாவது விலகி இருந்திருக்க வேண்டும். ஆக, இந்தப் பயணத்துக்கு நாள் பார்ப்பது நம் கையில் இல்லை. திங்கட்கிழமை காலை அவள் போன் பண்ணினபோது நான் கோட்டயத்தில் தக்காளி இறக்கிக்கொண்டு இருந்தேன். அங்கிருந்து ஒட்டன்சத்திரத்துக்கு அஞ்சு மணி நேரத்தில் லாரியைக் கொண்டுவந்தேன் என்றுதான் வெளியில் சொல்கிறேன். எட்டு மணி நேரம் ஆச்சு.

செவ்வாய் காலை ஆறு பத்துக்கு எங்கள் ஊர் விலக்கில் பஸ். முத்துலட்சுமிக்கு டிக்கெட் கிடையாது, எனக்குப் பதினேழு ரூபாய். கண்ணெல்லாம் எரிச்சல். உட்கார்ந்ததும் தூங்கலாம் என்று பார்த்தால், பக்கத்து வீதி அக்கா மல்லிகை மூட்டையோடு முன் சீட்டில் இருந்தார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு காலங்காத்தால எங்கே என்று கேட்டார். திண்டுக்கல்லில் ஒரு இடம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவைத்தேன். எம்புட்டு சென்ட் என்றார். அஞ்சு. வீடு இருக்கா என்றார். இருக்கு. பஸ் திண்டுக்கல்லை நெருங்குவதற்குள் அந்த வீட்டுக்கு மூணு ரூம், மாடி, போர்வெல் எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டேன். "பால் காய்ச்சுறன்னைக்கு மறந்துறாதீக அப்பு, பூ நான் தாரேன்" என்று சந்தோசப்பட்டார். முத்துலட்சுமி ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள்.

ஆறு ஐம்பத்தைந்துக்கு பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார், அறுபதுக்கு வந்தார். ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்து, போன மாசம் தன் வண்டியில் வந்த ஜோடிக்கு ரெட்டைப் பிள்ளை என்றார். வண்டி ராசியாம். போன மாசம் வந்தவர்களுக்கு இந்த மாசம் எப்படி அய்யா பிறக்கும்? ஆனாலும் சொன்ன விதம் நன்றாக இருந்ததால் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன்.

ஏழேகாலுக்கே போயும் எங்களுக்குப் பதினாலாவது டோக்கன். நாற்காலிகளில் எல்லாம் ஜோடி ஜோடியாக ஆட்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஒன்பதரைக்குக் கூப்பிட்டார்கள். முத்துலட்சுமியிடம் அஞ்சு குழாய் ரத்தம் எடுத்தார்கள், ஒரு சொம்பு இருக்கும். அவள் ஸ்கேனுக்குப் போனதும் ஒரு நர்ஸ் பொண்ணு என்னிடம் படிவத்தோடு வந்து உட்கார்ந்தது. என்ன தொழில்? மூணு லாரிக்கு ஓனர் என்றேன். வெயில், சூடு, மருந்து அடிக்கிற வேலை உண்டா? நமக்கு ஏசி ரூமில் கணக்குப் பார்க்கிற வேலைதான் என்றேன். பீடி, சிகரெட்? வாசமே ஆகாது. அந்தப் பொண்ணு சுத்தமான கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது.

பிறகு ஒரு டப்பாவைக் கொடுத்து ஒரு சின்ன ரூமைக் காட்டினார்கள். பூட்டுக்குப் பேர்போன ஊரில் அந்த ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் பாதிதான் விழுகிறது. வெளியில் ஒருத்தர் டோக்கன் நம்பரை ஏலம் விடுவது மாதிரி கூவுகிறார். ரெண்டு நாள் தூங்காத உடம்பு வேறு. முப்பத்தைந்து நிமிசம் ஆச்சு. இதில் மட்டும் ஒன்றும் கூட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வெட்கப்பட ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு டாக்டரம்மா ரெண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். என்னுடைய விந்தணு எண்ணிக்கை குறைவு, இருப்பதிலும் ஓட்டம் குறைவு என்றார். முத்துலட்சுமிக்குக் கருமுட்டையும் வயசுக்குக் கொஞ்சம் கம்மியாகத் தெரிகிறது, ரொம்ப நாள் தள்ளக்கூடாது. பிறகு என் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். சூடு இல்லை, புகை இல்லை, வெளிக்காரணம் ஒன்றும் இல்லை. அதனால் அடுத்த மாசமே நேரடியாகப் பெரிய சிகிச்சைக்குப் போகலாம், முட்டைக்குள் விந்தணுவை ஊசியால் வைக்கிறது. அதுவும் சரிவராவிட்டால் வேறு ஒருவரிடம் விந்தணுவைத் தானமாக வாங்குவது பற்றியும் ரெண்டு பேரும் யோசித்து வையுங்கள் என்றார். நல்ல மனுசி, மெதுவாகத்தான் சொன்னார்.

முத்துலட்சுமி கை நீட்டி அந்தப் படிவத்தை வாங்கிப் படித்தாள். திருப்பி மேசையில் வைத்தாள்.

"இவரு ஓனர் இல்லம்மா. வண்டி ஓட்டுறவரு. பதினாறு வருசமா பழைய லாரி, இஞ்சின் இவரு இடது காலை ஒட்டித்தான் இருக்கு. அந்தத் தொடை மட்டும் கருத்துப் போய்க் கெடக்கும். நாளைக்கு ஒரு கட்டு பீடியும் உண்டு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு ஆமாம் என்றேன். கோபித்துக்கொள்ளாமல், நர்ஸ் பொண்ணு அழகாக எழுதினதை எல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதினார். மூணு மாசம் லாரி ஓட்டக்கூடாது, பீடி கூடாது, ராத்திரி தூங்கவேண்டும், பிறகு மறுபடி பரிசோதனை. புது விந்தணு உருவாக அம்புட்டு நாள் ஆகுமாம். எண்ணிக்கை கூடுமா என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் பார்க்காமல் பெரிய சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம். மூணு மாசத்துக்கு மேல் முத்துலட்சுமியையும் காக்கவைக்க முடியாது.

ஆமாம், இந்த வலைப்பூவிலும் மூணு லாரி ஓனர் என்றுதான் போட்டிருந்தேன். ஒரு லாரி, அதுவும் முதலாளியுடையது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரெண்டு தயிர்சாதப் பொட்டலம் வாங்கி, நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாயே என்றேன். ரூமில் இருந்ததே மூணு பேர்தான்.

"பதினோரு வருசமா நீங்க சொன்ன கதைக்கெல்லாம் வாயைத் தொறக்காமத்தான் இருந்தேன் மாமா. இது என் வயித்துல வந்து விழுகுற கதை. இதுக்கும் சும்மா இருக்கவா?"

எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தேன்.

அங்கேயே ஒட்டன்சத்திரம் முதலாளிக்குப் போன் போட்டேன். மூணு மாசம் வண்டி எடுக்க முடியாது என்றதும், ஏனுங்க, என்ன உடம்புக்கு என்றார். முதுகெலும்பு விலகிவிட்டது என்று ஒரு கதை தயாராகத்தான் இருந்தது. முத்துலட்சுமி பொட்டலக் காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு இருந்தாள். "குழந்தைக்காக ஆஸ்பத்திரி போறோம்ணே, குறை எங்கிட்டயும் இருக்கு. இஞ்சின் சூடு ஆகாதுங்கிறாங்க" என்றேன். அவர், "வண்டிக்கு வேற ஆளப் போட்டுக்கறேனுங்க. மண்டில எடை போட வாங்க. சம்பளம் பாதிதானுங்க வரும்" என்றார். மூணு மாசம் கழித்து வண்டி திரும்பக் கிடைக்குமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கிளம்புகிறவர்களுக்கு: ரெண்டு பேர் ஆதார் அட்டை, பழைய ரிப்போர்ட்டுகள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் எடுத்துப் போங்கள். தண்ணீர், ரெண்டு வாழைப்பழம் கட்டாயம். ஏழு மணிக்கு உள்ளே போனாலும் ரெண்டு மணிக்கு முன்னால் வெளியே வர முடியாது. முந்தின நாள் ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள், ஆம்பிளைகளுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். படிவம் கேட்கிறபோது மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

நான் எடை போட ஆரம்பித்து இன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். பீடி தேடுகிற நேரத்துக்கெல்லாம் கடலை மிட்டாய் வாங்கித் தின்கிறேன். எழுதினதை முத்துலட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன். ரெண்டு இடத்தில் நிறுத்தி, அப்படி நடக்கவில்லை என்றாள். ஒன்றை எடுத்துவிட்டேன். இன்னொன்றை, போகட்டும், இருந்துட்டுப் போகுது என்று அவளே விட்டுவிட்டாள்.