பாவுக் கஞ்சி குடித்த ஆடு

எங்கள் ஆட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. இடப்பக்கம் தட்டினால் தண்ணீர்ப் பானை போலத் தளும்பியது. அசை போடாமல் பல்லை மட்டும் நறநறவென்று கடித்தது. நிறைசினை வேறு. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே போனேன். எதற்கென்று எனக்கே தெரியாது. யாரையாவது திட்டாமல் என்னால் பயப்பட முடியாது.

அங்கே கூட்டம். கூரத்திலிருந்து வந்த ஆட்டுக்கு வாய்ப்புண், திருப்புட்குழியிலிருந்து வந்த குட்டிக்குக் கழிச்சல். "ஆட்டுக்கொல்லி நோயா இருக்கப் போவுது, தள்ளி நில்லுமா" என்றார் ஒருவர். "உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன்.

டாக்டரம்மா ஆட்டின் இமையை விரித்துப் பார்த்தார். "சோறு, கஞ்சி எதனா குடுத்தீங்களா?"

"தழை மட்டுந்தாம்மா," என்றார் இவர். நானும் ஆமாம் போட்டேன்.

டாக்டரம்மாவின் கை ஆட்டின் தாடியில் பட்டது. "இன்னாது, இப்படி மொடமொடன்னு இருக்குது?"

"அது பாவு கஞ்சிம்மா," என்றார் இவர். "காலையில தெருவுல தறி நூல நீட்டிக் கட்டி பாவு போட்டுக்கினு இருந்தோம். மிச்சம் வெச்ச பக்கெட்டு காலியா கெடந்துச்சு."

"எதுல காய்ச்சனது?"

"அரிசியிலதான்."

"ஐயோ! இப்பதானே கஞ்சி குடுத்தீங்களான்னு கேட்டேன்?"

"அது நூலுக்கும்மா!"

இவர் பொய் சொல்லவில்லை. இழை விறைப்பாக நிற்கப் பூசுகிற கஞ்சியை நெய்கிற வீட்டில் யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. எனக்கும் உறைக்கவே இல்லை.

அரிசி வயிற்றில் புளித்துப்போயிருந்தது. சோடா உப்பைக் கரைத்துப் புகட்டினார்கள். ஊசி, குளுக்கோஸ் எல்லாம் ஆயிற்று. "குட்டி தங்குமா?" என்றேன். "மொதல்ல தாய் பொழைக்கட்டும்மா" என்றார் டாக்டரம்மா. மறுபடி இவரைத் திட்ட வாயெடுத்தேன். இவரோ ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார்.

வெகுநேரம் கழித்து ஆடு ஒரு ஏப்பம் விட்டது. அப்பப்பா, அந்தப் புளிச்ச நாற்றம்! பக்கத்திலிருந்தவர்கள் எழுந்தே போய்விட்டார்கள். பிறகு மெதுவாக அசை போட்டது. டாக்டரம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "குட்டியும் அசையுது" என்றார்.

திரும்பும்போது எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "எனக்கு டெங்கு வந்து கெடந்தப்ப ஒரு சொட்டு கண்ணீர் விட்டியா நீ?"

"உனக்கு வாய் இருக்குதுமா. எங்க வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்த, நானும் அங்கயே புடிச்சி விட்டுக்கினே இருந்தேன். அழறதுக்கு எங்க நேரம்?"