பத்து நாளுக்கான துணி

போன வாரம் ஏம்பலத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். முந்தலாம் என்று ஒதுங்கியபோது, வெளியே தொங்கிய தோகை ஒன்று முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கீறிவிட்டது. கரும்பு வாசனைக்கு உங்களுக்கெல்லாம் எச்சில் ஊறும். எனக்கு நாக்கு வறண்டுபோகும். ஐம்பதைத் தாண்டியவள், வண்டியை ஓரங்கட்டி, டிராக்டர் மறையும்வரை நின்றேன். பைக்கில் வந்த பால்காரர் ஒருவர், "இன்னா மேடம், பெட்ரோல் இல்லியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

என் அம்மா சைகோன்காரி; வியட்நாமில் இருக்கிறது அந்த ஊர். அப்பா புதுச்சேரியை ஒட்டிய பாகூர்ப் பக்கத்தவர். சைகோனுக்கு வங்கி வேலைக்குப் போய், அம்மாவைக் கட்டிக்கொண்டு, அங்கேயே இருந்துவிட நினைத்தவர். எனக்கு ஐந்து வயதானபோது அந்த ஊர் செங்கொடிக்காரர்கள் கைக்குப் போனது. என் நினைவில் நிற்பது ஒன்றுதான். நோட்டுப் புத்தகத்தோடு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அம்மா கொடுத்த டீயைக் குடித்தார்கள். பழைய அரசாங்கத்தில் வேலை பார்த்த என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, புது அரசின் பத்து நாள் வகுப்புக்கு வர வேண்டும், அதற்கான துணியோடு வரட்டும் என்றார்கள். சட்டையும் பல்பொடியும் அம்மாதான் எடுத்து வைத்தாள். மாமா திரும்பவே இல்லை. விசாரிக்கப் போன இடத்தில் அம்மாவின் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அப்பாவிடம் இந்தியக் காகிதங்கள் இருந்ததால் எங்களுக்கு விமானத்தில் இடம் கிடைத்தது.

அப்பாவின் பூர்வீக வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பின்கதவைத் திறந்தால் கரும்புத் தோட்டம். வந்த புதிதில் அம்மாவுக்குத் தெரிந்த தமிழ் வா, போ, சோறு, வேணாம். பனித்திட்டுக் கடற்கரையிலிருந்து வரும் பொடிமீனைக் குடத்தில் உப்போடு ஊறவைத்து, அவள் ஊர்ச் சாறு வடிக்கப் பார்த்தாள். தெருவில் யாரோ "இன்னா நாத்தம்" என்று சொன்ன அன்றே குடத்தைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டாள். யாருக்கும் தன்மேல் கோபம் வந்துவிடக் கூடாது. கோபம் வந்தால் யாராவது நோட்டை எடுப்பார்கள். இது நானாகப் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது. அப்போது எனக்கு அந்த மீன்சாறு போச்சே என்றுதான் அழுகை.

வந்த மறு வருடம் ஒரு மதியம். இங்கே வந்தபின் பிறந்த என் தம்பி கைக்குழந்தை. அப்பா புதுச்சேரிக்கு வேலைக்குப் போயிருந்தார். தெருமுனையில் மேளச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். கூட்டம், கோஷம், வரிசையாகச் சிவப்புக் கொடிகள். "மா, கொடி!" என்று குதித்தேன். அம்மா ஜன்னல் வழியாக ஒரு முறைதான் பார்த்தாள். தம்பியை வாரி எடுத்து, என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசலில் பாய்ந்தாள்.

கரும்புக்குள் நுழைந்து நடுவில் உட்கார்ந்தோம். தோகை கீறி மூன்று பேர் கையிலும் ரத்தக் கோடு. கோஷம் நெருங்கி வந்தது. தம்பி அழ ஆரம்பித்தான். அம்மா அவன் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினாள். அவன் கால்கள் உதைத்தன. பிறகு உதைப்பது நின்றது. அவள் விரலைப் பிடித்து இழுத்தேன்; அசையவில்லை. அவள் கண் தெருப்பக்கமே இருந்தது. அவள் கையைக் கடித்தேன். என் பல் எலும்பில் பட்டது. கை விலகியது. தம்பியிடம் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு எண்ணத் தெரிந்தவரை எண்ணினேன். அப்புறம் தோட்டமே அதிர வீறிட்டான்.

அந்த அழுகையைக் கேட்டுத்தான் அஞ்சலை வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் குடியிருந்தவள், நடவுக்கும் களைக்கும் போகிறவள். தோளில் செங்கொடி. அம்மா சேற்றில் விழுந்து கும்பிட்டாள். "பிள்ளை வேணாம். நான் வா. துணி... துணி எடுத்து."

"இன்னாமா சொல்றே? துணி இன்னாத்துக்கு?" அஞ்சலை என்னைப் பார்த்தாள். "ஏ பொண்ணு, உங்கம்மாவுக்கு இன்னா ஆச்சுடி?"

"கொடி" என்றேன்.

அவள் தன் தோளைப் பார்த்தாள். கொடியைச் சுருட்டி வரப்புக்கு அந்தப்பக்கம் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். "நடவுக்கூலி ஏத்திக் குடுன்னு கேக்கறோம்மா. அவ்ளோதான். யாரையும் புடிச்சினு போவ மாட்டோம்." அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் தம்பியை அஞ்சலை தன் தோளில் போட்டுத் தட்டியபோது பிடுங்கிக்கொள்ளவில்லை.

அம்மா சைகோனுக்கு வெளியே, நெல் விளையும் ஆற்றங்கரையில் பிறந்தவள். இது தெரிந்ததும் அஞ்சலை அவளை நடவுக்குக் கூட்டிப்போனாள். "சைகோன்காரி கை மெஷினுடி!" என்று வயலில் கத்துவாளாம்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி கூலிப் பிரச்சினை, மறுபடி ஊர்வலம். "நீ வராதேமா, வூட்லயே கெட" என்றாள் அஞ்சலை. அம்மா புறப்பட்டுவிட்டாள். கையில் துணிப்பை. எட்டிப் பார்த்தேன்: இரண்டு புடவை, சோப்பு, பல்பொடி. கொடியைத் தொடாமல் கடைசி ஆளாகப் பாகூர் வரை நடந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். அரசு அலுவலகத்திலிருந்து ஒருவர் நோட்டோடு வந்து, மனுவில் சேர்க்க ஒவ்வொருவர் பெயராகக் கேட்டார். அம்மாவின் முறை வந்தது. ஊரில் யாருக்கும் சொல்லாத தன் முழுப் பெயரைச் சொன்னாள். அவர் எழுதத் தெரியாமல் தடுமாற, மறுபடியும் சொன்னாள். பிறகு மதிலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

யாரும் தேடி வரவில்லை. அந்தப் பையை அவள் பிரித்தது பதினோராம் நாள்.

கரும்புத் தோட்டம் இப்போது மனைகள். கலர் அடித்த கற்கள் நட்டிருக்கிறார்கள். அஞ்சலை போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. தம்பி பிரான்சில் இருக்கிறான். அவனுக்கு எதுவும் நினைவில்லை, நானும் சொன்னதில்லை. போன வருடம் அம்மாவும் போனாள். கடைசி மூன்று நாள் தமிழ் அவளைவிட்டு முழுக்கப் போய்விட்டது. தன் மொழியிலேயே நிறைய, நிதானமாகப் பேசினாள். "இன்னா கேக்கறாங்க?" என்றாள் நர்ஸ். எனக்குத் தெரியவில்லை. வெளியில் யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று பயந்து, இங்கே வந்ததும் அவள் எங்களிடம் அந்த மொழியில் பேசுவதையே நிறுத்திவிட்டாள்; சின்ன வயதில் நான் பேசியதும் மறந்துபோனது. சத்தம் போடாதே, குனி, கையை விடாதே. அதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த மூன்று நாளில் அவள் பேசியதில் இந்தச் சொற்களில் ஒன்றுகூட வரவில்லை.