கணக்கு டீச்சரின் அத்தர்

என் மனைவி இறந்த ஐப்பசிக்கும் அடுத்து வந்த தை மாதத்துக்கும் இடையில் நான் ஓரிடத்தில் தொடர்ந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக நினைவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் வெளியே கிளம்புவேன். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். துக்கம் மனிதனை முடக்கிப்போடும் என்று படித்திருக்கிறேன். என்னை அது நடக்கவைத்தது.

அவள் கடைசியாக உடுத்திய நூல்சேலை ஒன்று துவைக்கப்படாமல் என்னிடம் இருந்தது. மற்றவற்றை உறவினர்கள் காரியம் முடிந்த மறுநாளே பிரித்துக்கொண்டார்கள். இதை மட்டும் நான் தரவில்லை. அதன் மடிப்பில் அவளுடைய மல்லிகை அத்தரின் மெல்லிய மணம் மிச்சமிருந்தது. அது போய்விடக்கூடாது என்ற பதற்றத்தில் சேலையை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, பூச்சி அரிக்காமலிருக்க நான்கு பாச்சை உருண்டைகளையும் போட்டு இறுக மூடினேன். அந்த உருண்டை திடநிலையிலிருந்து நேரே ஆவியாகித் தன்னைச் சுற்றியுள்ள எதிலும் ஏறிக்கொள்ளும் என்பதை இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பதினைந்து நாள் கழித்துத் திறந்தபோது பெட்டிக்குள் என் ஆய்வுக்கூடம் இருந்தது. அவள் இல்லை.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆகவே அந்த மணத்துக்கு என்னைத் தவிர வேறு சாட்சியும் இல்லை என்று நம்பினேன். அதை மீட்டுவிட வேண்டும். மீட்காவிட்டால் அவள் முகமும் அதே வழியில் போய்விடும். இப்படி ஓர் எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒருவர் தேர்ந்துகொள்ளும் வாசனை அவரது குணத்தைச் சொல்லிவிடும் என்று எனக்கு அப்போது ஒரு கருத்து உண்டு. பாகற்காயைப்போலப் பேசும் என் துறைத்தலைவர் சந்தனத்தை அப்பிக்கொண்டு வருவார் என்பதுகூட அக்கருத்தை அசைக்கவில்லை. மாலையில் குளித்துவிட்டு, கழுத்தோரம் ஒரு துளி மல்லிகையுடன் எனக்குக் காப்பி கொண்டுவரும் என் மனைவி, குரல் உயர்த்தாதவள், எதற்கும் மறுப்புச் சொல்லாதவள். மல்லிகைதான் அவள், அவள்தான் மல்லிகை. இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தச் சமன்பாட்டை நான் சரிபார்க்கவேயில்லை.

அத்தர் தீர்ந்து காய்ந்துபோயிருந்த புட்டியில் சீட்டு ஏதும் ஒட்டியிருக்கவில்லை. மாதம் ஒரு ஞாயிறு அவள் தனியாகப் பேருந்தேறித் திருக்கழுக்குன்றம் போவாள். சில சமயம் அப்படியே கடலையும் பார்த்துவிட்டு வருவாள். நான் உடன் போனதில்லை. திருத்துவதற்கு விடைத்தாள்கள் இருக்கும். ‘கடல் பக்கம் போகும்போது ஒரு பாயிடம் வாங்கினேன்’ என்று என்றோ சொன்னது மட்டும் நினைவிருந்தது. ஒரு ஞாயிறு காலை மாமல்லபுரத்துக்குப் போனேன்.

உளிச்சத்தமும் உப்புக்காற்றும் ஒன்றாக முகத்தில் அடித்தன. கடற்கரைக்குப் போகும் வழியில் சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்த இரண்டு பெண்களிடம் விசாரித்தேன்.

“இன்னா சார், அத்தர் பாயா? அவுரு இங்க ஏன் வர்றாரு! இந்தக் காத்துல எதத் தொறந்தாலும் கருவாடுதான் ஜெயிக்கும்,” என்றாள் மூத்தவள். “கழுக்குன்றத்துக்குப் போ. மலையாண்ட குந்திகினு இருப்பாரு.”

இளையவள் என் நரையைப் பார்த்தாள். “பொஞ்சாதிக்கா சார்? இந்த வயசுலயும் ஷோக்குதான்!”

“ஆமாம், மனைவிக்குத்தான்,” என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க முடியாமல் அரை மைல் நடந்து, பின்னால் வந்த பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி ஏறினேன்.

திருக்கழுக்குன்றத்தில் மலைப்படிகள் தொடங்கும் இடத்தில், பூக்கடைகளுக்குச் சற்றுத் தள்ளி, மரப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, காதுமடலில் ஒரு பஞ்சுத் துண்டு. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கேட்டவுடன் விற்கமாட்டார். மணிக்கட்டில் ஒரு துளி தொட்டுவைத்து, மலை ஏறி இறங்கி வரச்சொல்வார். வியர்வையில் கலந்தபிறகு முகர்ந்து பார்த்து, ஒத்துவந்தால்தான் கொடுப்பார். எனக்கு முன்னால் நின்ற ஒரு வாலிபனிடம், “ஒனக்கு ரோஜா ஆவாது நைனா, கெட்டுப்போன சர்பத்து மாதிரி கீது. வேற பாக்கலாம்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தபோது மனைவியின் அடையாளங்களைச் சொன்னேன். உயரம், கறுப்புக் குடை, செங்கல்பட்டில் பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை.

“டீச்சரம்மாவா! எங்க சார், மூணு மாசமா ஆளையே காணோம்?”

சொன்னேன். அவர் பெட்டியின் மூடியைச் சாத்தி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். பிறகு திறந்து, ஒன்றல்ல, இரண்டு புட்டிகளை எடுத்தார்.

“இது மல்லி. வூட்டுக்கு. இது ஹினா, மருதாணிப் பூவுல காய்ச்சுறது. இஸ்கோலுக்கு.”

“எனக்குப் புரியவில்லை.”

“ரெண்டும்தான் சார் வாங்குவாங்க. ஹினா ஆம்பளைங்க சரக்கு, வெள்ளிக்கெழம தொழுகைக்குப் போட்டுகினு போறது. ‘பொம்பளைங்களுக்குத் தூக்கலா இருக்கும்மா’ன்னு மொத தபாவே சொன்னேன். அதுக்கு, ‘நாப்பது பொண்ணுங்கள அடக்கணும் பாய், மல்லிய வச்சிகினு நான் இன்னா பண்றது?’ன்னு சிரிச்சாங்க. சரின்னு கையில தொட்டு மலைக்கு அனுப்பிச்சேன். எறங்கி வந்தப்ப பாக்கணுமே! அவுங்களுக்குன்னே காய்ச்சி எடுத்த மாதிரி இருந்திச்சி.”

என் மனைவி ஒரு கடைக்காரரிடம் நகைச்சுவையாகப் பேசுவாள் என்பது எனக்குப் புதிய செய்தி. பள்ளியிலிருந்து வந்த கையோடு, செருப்பைக் கழற்றியதும் அவள் குளியலறைக்குப் போவது நினைவுக்கு வந்தது. அதைத் தூய்மை என்று எண்ணியிருந்தேன். அதற்கும் முன்னால், திருமணமான முதல் ஆண்டு, நான் தலை நிமிராமல் சொன்ன ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்தது. ‘உன்மேல் கடைத்தெரு வாசனை அடிக்கிறது, எனக்குத் தலை வலிக்கிறது.’ அடுத்த வாரம் வீட்டுக்கு மல்லிகை வந்தது.

“இந்த இரண்டில் அவளுக்குப் பிடித்தது எது?” என்று கேட்டேன்.

“என்னக் கேக்குறியே சார்! ஒரே வூட்டுல இருந்தது நீயா, நானா?” சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. “தப்பா நெனச்சிக்காதீங்க. வாய் தவறிப்போச்சு.”

மல்லிகைப் புட்டியை முகர்ந்தேன். அது அவள்தான், ஆனால் பாதிதான். ஈரக் கூந்தலும் சேலையின் கஞ்சியும் இல்லாத பாதி. ஹினாவை முகர்ந்தேன். புகை, கிராம்பு, ஈரமண், அடியில் ஏதோ ஒரு பிடிவாதம். எனக்கு அதில் யாரையும் தெரியவில்லை. தேடிவந்தது கிடைத்துவிட்டது, மல்லிகையை வாங்கிக்கொண்டு அப்போதே திரும்பியிருக்கலாம். மணிக்கட்டை நீட்டி, “ஹினாவை வையுங்கள்,” என்றேன்.

உச்சி வேளை. மலையுச்சியில், நண்பகல் பிரசாதத்துக்கு வரும் கழுகுகளுக்காகக் கூட்டம் காத்திருந்தது. எல்லோரும் வானத்தைப் பார்க்க, நான் என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அரவம் எழுந்து அடங்கியது. கழுகு வந்துபோயிற்று என்றார்கள். இறங்கி வந்ததும் பாய் என் கையைப் பிடித்து முகர்ந்து, தலையை ஆட்டினார்.

“புளிச்சிப்போச்சு சார். உங்க ஒடம்புக்கு இது சேராது. டீச்சரம்மா தோலு வேற. கைக்குட்டையில வேணா வெச்சிக்குங்க. கெடாது, அவ்வளவுதான்.”

தோலின் கொழுப்பு, வெப்பம், வியர்வையின் அமிலத்தன்மை. பேருந்தில் அமர்ந்து காரணங்களை எனக்குள் வரிசைப்படுத்தினேன். ஒவ்வொன்றும் சரி. ஒன்றாலும் பயனில்லை. இரண்டு நிறுத்தங்களுக்கு ஒருமுறை இடம் மாறி உட்கார்ந்தேன்.

மறுநாள் அவளுடைய பள்ளிக்குப் போனேன். ஆசிரியைகள் அறையில் அவள் விட்டுப்போன புத்தகங்களைப் பெற்றுக்கொள்ளும்படி தலைமையாசிரியை இருமுறை சொல்லி அனுப்பியிருந்தார். சட்டைப்பையில் ஹினா வைத்த கைக்குட்டை. தலைமையாசிரியை வேலையாக இருந்ததால் தாழ்வாரத்துத் தூண் ஒன்றின் பின்னால் நின்றேன். இடைவேளை. தூணின் மறுபக்கம் மூன்று நான்கு மாணவிகள் வந்து நின்றார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. சளசளவென்று வந்த பேச்சு சட்டென்று நின்றது.

“ஏய், கணக்கு டீச்சர் வாசனடி.”

“போடி பைத்தியம். செத்துப்போனவங்க எப்டிடி வருவாங்க?”

“சத்தியமாடி. மூக்க வெச்சிப் பாரு.”

“அரப் பரீட்ச பேப்பரத் திருத்திக் குடுக்க வந்திருப்பாங்க. ஒனக்கு முட்டதான்!”

சிரித்தார்கள். பிறகு ஒருத்தி சிரிக்காமல் சொன்னாள்: “ஆனா டீச்சர் மேல இன்னும் காரமா இருக்கும். இது இன்னாமோ டல்லா கீது.”

வாழ்நாளில் யார் பேச்சிலும் நான் குறுக்கே போனதில்லை. தூணைச் சுற்றி அவர்கள் முன்னால் வந்து நின்றேன். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியும். இறுதி ஊர்வலத்தன்று பள்ளியே வந்திருந்தது. முட்டை என்று சொன்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கைக்குட்டையை எடுத்து, கடைசியாகப் பேசிய பெண்ணிடம் நீட்டினேன்.

“எவ்வளவு காரமாக இருக்கும்?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. “தெரிந்தால் சொல்லம்மா.”

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து முகர்ந்து, மனக்கணக்குப் போடுவதுபோலக் கண்களைச் சுருக்கினாள்.

“எப்பவும் வராது சார். போர்டுல எழுதிகினு இருப்பாங்க இல்ல, யாராவது பேசினா டக்குன்னு திரும்புவாங்க. அப்ப வரும். மொத பெஞ்சு வரைக்கும் வரும். நாங்க கப்சிப்புனு ஆயிடுவோம்.”

“கோபமாகவா திரும்புவாள்?”

“இல்ல சார். சிரிச்சிகினேதான்.”

தலைமையாசிரியையின் அறையிலிருந்து என்னை அழைத்தார்கள். மணியும் அடித்தது. அந்தப் பெண்கள் என்னைத் தாண்டிப் போவதா வேண்டாமா என்று தயங்கினார்கள். நான் தூணில் சாய்ந்துகொண்டு, “வேறு என்ன செய்வாள்?” என்று கேட்டேன்.