வெயில் கிரீமும் யோகனும்

வெயிலே ஒழுங்காக அடிக்காத ஊரில் வெயிலுக்குக் கிரீம் செய்து பிழைப்பதும் ஒரு தொழில்தான். இரண்டாயிரங்களில் லண்டனில் நான் அதைத்தான் செய்தேன். நகரின் தெற்கு ஓரத்தில், சட்டன் என்ற பகுதியில் ஒரு சின்னக் கம்பெனி. வெயிலை மறிப்பதைத் துத்தநாக ஆக்ஸைடு பார்த்துக்கொள்ளும். மீறி நுழைவது தோலைக் கெடுக்காமலிருக்கத் தாவரச் சாறு. எந்தச் சாறு என்பதில்தான் போட்டி. நான் பச்சைத் தேயிலை, யோகன் அதிமதுரம். எது தேறுகிறதோ அதைச் செய்த ஆள்தான் லேப் மேனேஜர் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் திருச்சியில் எம்.எஸ்ஸி. படித்தவன். யோகன் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, சூப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே டிப்ளமா முடித்தவன். என்னைவிட எட்டு வயது இளையவன். கூட வேலை பார்ப்பவன் மேலே ஏறுவதைக் கண்டு வயிறெரிந்த அன்பர்களே, உங்களுக்குத்தான் இது.

என் கை

முதல் கிரீமை அவசரமாக என் முன்கையிலேயே பூசி, புற ஊதா விளக்கின் கீழ் காட்டினேன். மறுநாள் துளி சிவப்பு இல்லை. கையை நீட்டியபடியே லேப் முழுக்க ஒரு சுற்று வந்து, முதலாளியிடமும் காட்டினேன்.

யோகன் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விளக்குப் பட்டும் கிரீம் படாத ஓரம் ஒன்று என் மாநிறத்தில் அதுபாட்டுக்கு இருந்தது. முதலாளிக்குப் புரியக்கூடாதென்று தமிழில்தான் சொன்னான். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பிடிக்கவில்லை. "அண்ணை, கிரீம் பூசாத இடமும் சிவக்கேல்லையே."

நாற்பது டிகிரி அலமாரி

கடையில் மாதக்கணக்கில் இருந்தால் கிரீம் என்னாகும் என்று சீக்கிரமே தெரிந்துகொள்ள, சூடான அலமாரி ஒன்றில் வைப்போம். மருந்துக்கடைகளுக்குக் கொள்முதல் செய்யும் வெள்ளைக்கார அம்மாள் வந்த அன்று இரண்டையும் வெளியே எடுத்தோம். யோகனுடையது லேசான தந்த நிறம். என்னுடையதில் தேயிலை தன் குணத்தைக் காட்டி, நல்ல பழுப்பாகியிருந்தது. அம்மாள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. "இதற்குச் சர்க்கரை எத்தனை கரண்டி?"

ஜன்னலோரம்

ஒரு ஜூலையில் வெயில் நிஜமாகவே அடித்தது. மதியம் எல்லோரும் புல்வெளிக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். யோகனின் சாற்றுக் குப்பி ஜன்னல் விளிம்பில் நேர் வெயிலில் இருந்தது. இருட்டில் வைக்க வேண்டிய சரக்கு, வெயிலில் கெட்டுப்போகும். கையை நீட்டினால் எட்டும். நீட்டாமல் தயிர்சாதத்தைப் பிசைந்தேன். அடுத்த இரண்டு நாளும் அதே ஜன்னல், அதே தயிர்சாதம்.

நான்காம் நாள் மனசு கேட்கவில்லை. அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல, "யோகன், உங்க குப்பி வெயில்ல இருக்கே" என்றேன். அவன் குப்பியில் தேதி எழுதிக்கொண்டே சொன்னான்: "ஓம் அண்ணை, வெயில் தாங்குமோ எண்டு பாக்கத்தான் வச்சனான். மூண்டு நாளா நீங்களும் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள், எடுக்கச் சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

ஸ்டேஷன் வரை

கடைசிச் சோதனையை வெளியே ஓரிடத்தில், சட்டென்று சிவக்கும் தோல்காரர்களின் முதுகில் செய்தார்கள். அதிமதுரம் தேறியது. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு யோகனை மேனேஜர் என்று அறிவித்தார். நானும் கைதட்டினேன், கொஞ்சம் அதிகமாகவே.

அன்று மாலை ஸ்டேஷன் வரை இருவரும் சேர்ந்து நடந்தோம். ஜன்னல் விஷயத்தை முதலாளியிடம் சொல்லிவிட்டானா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமலே நடந்தேன். லூயிஷாம் போகும் அவனுக்கு வேறு பிளாட்பாரம். பிரிகிற இடத்தில் நின்று சொன்னான்: "தேயிலையை விட்டுடாதேங்கோ அண்ணை. நிறம் மாறாமல் செய்ய ஏலும். நாளைக்கு ரெண்டு பேருமா இருந்து பாப்பம்."

ஊர் திரும்பி இத்தனை வருஷம் யோசித்ததில் எனக்குத் தெளிந்தது ஒன்றுதான்: யோகன் கொஞ்சமாவது கெட்டவனாக இருந்திருந்தால், என் பொறாமைக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.